நான்காவது ஆசிரியர் எங்கே போனார்?

"இவர் தொண்ணூறுகளில் எதுவுமே எழுதவில்லையா மேடம்?"

நூலகரான என்னிடம் ஆய்வு மாணவி ஒருவர் கேட்டார். டிஜிட்டல் தொகுப்பில் ஓர் அறிவியலாளரின் பெயரைப் போட்டுத் தேடியிருக்கிறார். வந்ததெல்லாம் 2014-க்குப் பிந்தைய நூல்கள். அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அவர் தாமதமாகத்தான் எழுத வந்தார் என்று ஆய்வேட்டில் ஒரு பத்தியும் எழுதி வைத்துவிட்டார்.

தோண்டிப் பார்த்தபோது 1994-இல் வந்த நூல் ஒன்று அதே தொகுப்பில் கிடைத்தது. ஸ்கேன் செய்த தலைப்புப் பக்கத்தில் நான்கு பெயர்கள். அந்த அறிவியலாளர் நான்காவது. கேட்டலாக் பதிவிலோ முதல் பெயர் மட்டும்தான் இருந்தது. அதை அடுத்துச் சதுர அடைப்புக்குறிக்குள் 'எட் ஆல்' என்ற லத்தீன் சுருக்கம். 'மற்றும் பிறர்' என்று பொருள். மூன்று பேரின் உழைப்பு அந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கிப் போயிருந்தது.

அந்தப் பதிவைப் போட்ட கேட்டலாகர்மீது ஒரு குற்றமும் இல்லை. அன்றைய விதி அதுதான். 1978-இல் வந்த ஆங்கிலோ-அமெரிக்கப் பட்டியலாக்க விதிகளின் இரண்டாம் பதிப்பு, ஆசிரியர்கள் மூன்று பேருக்கு மேல் இருந்தால் முதல் பெயரை மட்டும் எழுது என்றது. 'மூவர் விதி' என்பார்கள். ஏழரைக்குப் பன்னிரண்டரை சென்டிமீட்டர் அட்டையில் எல்லாவற்றையும் அடக்க வேண்டிய காலத்திலிருந்து வந்த பழக்கம். ஒவ்வொரு பெயருக்கும் தனி அட்டை அடித்து, தனியாக அடுக்க வேண்டியிருந்தது. அந்தச் சிக்கனத்துக்கு அன்று நியாயம் இருந்தது.

2010-இல் அதற்குப் பதிலாக ஆர்டிஏ என்ற புதிய பட்டியலாக்கத் தரநிலை வந்தது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2013 மார்ச் 31 முதல் அதற்கு மாறியது. பல நாட்டு நூலகங்களும் மாறின. மூவர் விதி போனது. எத்தனை ஆசிரியர்கள் இருந்தாலும் அத்தனை பேரையும் எழுதலாம். லத்தீன் சுருக்கங்களும் போயின. அந்தத் திருத்தத்தை நான் முழு மனதோடு ஆதரித்தேன், இன்றும் ஆதரிக்கிறேன். விதிகள் மாறத்தான் வேண்டும்.

என் வருத்தம் வேறு. ஒரு தரநிலையைத் திருத்தும்போது பேச்செல்லாம் நாளைக்குப் போடப்போகும் பதிவுகளைப் பற்றியே நடக்கிறது. பயிற்சி வகுப்பு, கையேடு, மாதிரிப் பதிவு எல்லாம் புதியதற்கு. நேற்று வரை போட்ட பதிவுகளை யாரும் தொடுவதில்லை. விளைவு, தரநிலை மாறிய நாள் தொகுப்புக்குள் ஒரு கோடாக விழுந்துவிடுகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் நான்காவது ஆசிரியர் இருக்கிறார், அந்தப் பக்கம் இல்லை. தேடுகிறவருக்கு அந்தக் கோடு கண்ணில் படாது. அவர் பார்ப்பது ஒரே தேடல் பெட்டி. வராததை இல்லாதது என்றுதான் எடுத்துக்கொள்வார். அந்த மாணவியும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். அவர் நம்பியதில் என்ன தவறு?

அட்டைப் பெட்டிக் காலத்தில் இந்தக் கோடு இவ்வளவு வலித்ததில்லை. வாசகர் அட்டையைக் கையில் எடுத்துப் படிப்பார், 'எட் ஆல்' கண்ணில் படும், நூலகரைக் கேட்பார். டிஜிட்டல் தொகுப்பில் பதிவை முதலில் படிப்பது இயந்திரம். அது ஆண்டைப் பிடுங்கி வரைபடம் போடும், ஊரைப் பிடுங்கி வடிகட்டிப் பட்டியல் போடும். பழைய எழுத்து வழக்கும் புதிய எழுத்து வழக்கும் அதற்கு இரண்டு வெவ்வேறு பொருள்.

ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளியான இடம் தெரியாவிட்டால் பழைய விதிப்படி 'எஸ்.எல்.' என்று லத்தீன் சுருக்கம் போடுவோம். புதிய விதிப்படி 'வெளியீட்டு இடம் அறியப்படவில்லை' என்று முழுதாக எழுதுகிறோம். படிக்கிறவருக்கு இது நல்லது. ஆனால் டிஜிட்டல் தொகுப்பின் இடப்புற வடிகட்டியில் இரண்டும் இரண்டு ஊர்களாக, உண்மையான ஊர்களோடு வரிசையாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆண்டு இன்னும் மோசம். நூலகப் பதிவுகளைக் கணினி படிக்கும்படி எழுதும் மார்க் 21 வடிவத்தில் வெளியீட்டு விவரம் முன்பு 260 என்ற ஒரே புலத்தில் இருந்தது. வெளியான ஆண்டு தெரியாமல் பதிப்புரிமை ஆண்டு மட்டும் இருந்தால், அதற்கு முன்னால் 'சி' என்ற ஆங்கில எழுத்தைச் சேர்த்து அங்கேயே எழுதிவிடுவோம். ஆர்டிஏவுக்காக 264 வந்தது. உருவாக்கம், வெளியீடு, விநியோகம், அச்சாக்கம், பதிப்புரிமை என ஐந்தும் தனித்தனி. எது எது என்பதைப் புல எண்ணை அடுத்து வரும் இரண்டாவது சுட்டெண் சொல்லும். கருத்தளவில் அருமையான பிரிப்பு. அச்சான ஆண்டையும் உரிமை பெற்ற ஆண்டையும் குழப்பக் கூடாதுதானே.

இந்தப் பதிவுகளை டிஜிட்டல் தொகுப்புக்குள் கொண்டுவரும் மாற்றுநிரல் என்ன செய்தது? நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் அது 260-ஐ மட்டும் படித்தது. 264 வந்த பிறகு சேர்த்த நூல்களுக்கெல்லாம் ஆண்டுக் கட்டம் காலி. யாரோ கவனித்துத் திருத்தினார்கள். இப்போது 264-இல் இருந்த எல்லா ஆண்டையும் அள்ளிக்கொண்டது. சுட்டெண்ணைப் பார்க்கவில்லை. ஒரே நூலுக்கு [1998] என்று ஒன்று, ©1998 என்று இன்னொன்று. ஆண்டுவாரி வரைபடத்தில் அந்த நூல் இரண்டு முறை எண்ணப்பட்டது. சில நூல்களில் ஸ்கேன் செய்த ஆண்டும் அதே கட்டத்துக்குள் வந்து சேர்ந்தது. டிஜிட்டல் தொகுப்புகளில் பதிவுகளை எழுதப் பயன்படும் எளிய தரநிலையான டப்ளின் கோரின் அடிப்படைத் தொகுதியில் இருப்பது 15 கூறுகள், ஆண்டுக்கென்று ஒன்றுதான். மூலத்துக்கு ஒரு பதிவு, அதன் ஸ்கேன் பிரதிக்கு ஒரு பதிவு என்ற ஒழுங்கைக் கடைப்பிடிக்காவிட்டால் 1912-ஆம் ஆண்டுப் புகைப்படம் 2009-லும் போய் உட்காரும்.

எனக்கு மிகவும் ஆற்றாமையாக இருப்பது ஒன்று உண்டு. ஒரு பதிவு எந்த விதிப்படி போடப்பட்டது என்று மார்க்கில் எழுத இடம் இருக்கிறது. 040 புலத்தின் 'இ' துணைப்புலம். ஆர்டிஏ என்றால் அங்கே அதைக் குறிப்போம். கோடு எங்கே விழுந்தது என்பதற்குச் சாட்சி அது. பதிவு மார்க்கிலிருந்து டப்ளின் கோருக்குப் போகும்போது அது வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. தொகுப்புகளுக்கிடையே பதிவுகளை அறுவடை செய்யும் ஓஏஐ-பிஎம்ஹெச் நெறிமுறையில், எல்லாரும் தந்தாக வேண்டிய குறைந்தபட்ச வடிவம் இந்தத் தட்டையான டப்ளின் கோர்தான். ஆகவே ஒரு நூலகத்தில் விழுந்த கோடு, சாட்சி இல்லாமல், பல நூலகங்களை ஒன்றுசேர்க்கும் பெரிய தளத்துக்குப் போய்ச் சேர்கிறது.

ஆர்டிஏவைப் பற்றி மட்டும் பேசவில்லை. உறுதியாகத் தெரியாத தேதிகளை எழுத இடிடிஎஃப் என்றொரு வடிவம் இருக்கிறது. 2012 வரைவில், தொண்ணூறுகளில் ஏதோ ஓர் ஆண்டு என்பதற்கு 199-க்குப் பின்னால் சிறிய 'யு' போடச் சொன்னார்கள். 2019-இல் அது தேதிகளை எழுதும் சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 8601-இன் இரண்டாம் பகுதியில் சேர்ந்தபோது 'யு' போய்ப் பெரிய 'எக்ஸ்' வந்தது. முடிவு தேதி திறந்திருக்கிறது என்பதற்கு ஒரு சொல் இருந்த இடத்தில் இரண்டு புள்ளிகள் வந்தன. வரைவை நம்பி உழைத்தவர்களின் தேதிகளைப் புதிய சரிபார்ப்பு நிரல் பிழை என்று தள்ளும். இதை நிரல் எழுதி மாற்றிவிடலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மாற்ற வேண்டும் என்று யாருக்காவது தெரிந்திருக்க வேண்டுமே!

2020 டிசம்பரில் ஆர்டிஏ விதிகளை இணையத்தில் தரும் புதிய கருவித்தளம் அதிகாரபூர்வமானபோது பழைய விதி எண்கள் போய்விட்டன. 'இன்ன எண்படி இப்படி எழுதினோம்' என்று நாங்கள் எழுதி வைத்திருந்த குறிப்பேடுகள் சாவியில்லாத பூட்டுகளாக நின்றன.

எனவே தரநிலைக் குழுக்களில் இருப்பவர்களிடம் என் கோரிக்கை இது. திருத்தத்தை அறிவிக்கும் அதே நாளில், பழையதிலிருந்து புதியதற்கு மாற்றும் அட்டவணையையும் வெளியிடுங்கள். எது இயந்திரத்தால் மாறும், எதற்கு மனிதக் கண் வேண்டும் என்று அதில் பிரித்துச் சொல்லுங்கள். டிஜிட்டல் தொகுப்பு நடத்துபவர்கள் மூலப் பதிவைத் தூக்கி எறியாமல் பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும். எந்த விதிப்படி போட்டது என்பதை வாசகர் பார்க்கும் பக்கத்தில் காட்ட வேண்டும். பழைய பதிவைத் திருத்தும் நேரத்தை வேலை நேரமாக எண்ண வேண்டும். இன்று பல இடங்களில் கணக்கில் வருவது புதிதாக ஏற்றியவற்றின் எண்ணிக்கை மட்டுமே.

'இனி எல்லாவற்றையும் இயந்திரமே திருத்திவிடும்' என்று நண்பர்கள் சொல்கிறார்கள். லத்தீன் சுருக்கத்தை இயந்திரம் மாற்றும். 'எட் ஆல்' என்பதை 'மற்றும் பிறர்' என்றும் ஆக்கிவிடும். அந்தப் பிறர் யார் என்பது பதிவில் இல்லை. தலைப்புப் பக்கத்தில் இருக்கிறது. நல்லவேளை, டிஜிட்டல் தொகுப்பில் தலைப்புப் பக்கம் ஒரு சொடுக்குத் தூரத்தில்தான் இருக்கிறது. அலமாரிக்கு நடக்க வேண்டியதில்லை.

அந்த 1994 நூலைத் திருத்தினோம். படத்தைப் பெரிதாக்கி, நான்கு பெயர்களையும் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து, ஒவ்வொருவரையும் அவருக்குரிய பெயர்ப் பதிவோடு இணைத்தோம். நான்காவது பெயருக்கு முதலெழுத்து மட்டும் வேறாக இருந்ததால் அவர்தானா என்று உறுதிசெய்ய முன்னுரையைப் படிக்க வேண்டியிருந்தது. மாணவி தன் பத்தியை நீக்கிவிட்டார்.

பிறகு தலைப்புப் பக்கத்து ஆசிரியர் பெயர்களை எழுதும் 245 புலத்தின் 'சி' துணைப்புலத்தில் 'எட் ஆல்' இருக்கும் பதிவுகளையெல்லாம் தேடிப் பட்டியலாக எடுத்தேன். மிக நீண்ட பட்டியல். தினமும் காலையில் மற்ற வேலை தொடங்குமுன் ஐந்து பதிவுகள் பார்க்கிறேன். இன்றைக்கு மூன்றாவதாக வந்த நூலில் ஏழு ஆசிரியர்கள். ஐந்து பெயர்களை ஏற்றிவிட்டேன், ஆறாவது பெயரின் மேல் நூலக முத்திரை விழுந்திருக்கிறது. வேறு பிரதி யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.