143ஆம் பக்கத்தில் ஒரு பஸ் ரிக்கற்

போன மாதம் ஒரு நாவலைப் பாதியில் விட்டேன். பாதி என்பதே பெருமைக்குச் சொல்வது. 912 பக்கத்தில் 143 எப்படிப் பாதியாகும்? எட்டு மாதமாகக் கட்டில் தலைமாட்டில் கிடந்த புத்தகம். மூக்குக்கண்ணாடி, விக்ஸ் போத்தல், மகளின் கணக்குக் கொப்பி எல்லாம் அதன்மேல் ஏறி, அது ஒரு சின்ன மேசையாகவே ஆகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தூசி தட்டும்போது அதைத் திரும்பத் தலைமாட்டில் வைக்காமல், விறாந்தைக் கதிரையில் கொண்டுபோய் வைத்தேன். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று.

இதைப் பள்ளிக்கூடத் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் சும்மா சொல்லப்போக, பெரிய வழக்காகிவிட்டது. "தொடங்கினால் முடிக்கவேணும். ஏலாதெண்டால் என்னத்துக்குத் தொடங்கினனீ?" என்று ஒருத்தி, ரொறன்ரோவிலிருந்து. "வாசிக்கிற ஆக்கள் எண்டு சொல்லிக்கொண்டு இப்பிடிச் செய்யலாமோ?" என்று இன்னொருத்தி. இவள் கடைசியாக ஒரு புத்தகத்தைத் திறந்தது எந்த ஆண்டு என்று எனக்குத் தெரியும். கேட்கவில்லை. குழுவில் எழுதத் தொடங்கிய பதில் நீண்டுகொண்டே போனதால் இங்கே போடுகிறேன்.

அவர்கள் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்பது எனக்கு நன்றாகவே விளங்கும். நாற்பது வயது தாண்டும்வரை நானும் அப்படித்தான் இருந்தேன். எங்கள் வீட்டில் புத்தகத்தை முடிக்காமல் விடுவது, கோப்பையில் சோற்றை மிச்சம் விடுவது மாதிரி. பேச்சு விழும்.

அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் லிகிதர். யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் அங்கத்தவர். 1981 மே மாதம் அவர் அங்கிருந்து கூட்டுறவு இயக்கத்தின் வரலாறு பற்றிய ஒரு மொத்தப் புத்தகத்தை எடுத்துவந்திருந்தார். வேலைக்கு உதவும் என்று நினைத்து எடுத்தது. நாலு பக்கத்துக்கு மேல் ஒரு நாளும் நகரவில்லையாம். திருப்பிக் கொடுக்கவும் மனமில்லை, வாசிக்கவும் முடியவில்லை. நாள் தள்ளித் தள்ளிப் போனது. மே 31 இரவு நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். ஏட்டுச்சுவடிகளும் சேர்த்துக் கிட்டத்தட்ட 97,000 நூல்கள் போயின. எங்கள் வீட்டு மேசையில் நூலக முத்திரையோடு அந்த ஒரு புத்தகம் மிஞ்சியது. "அலுப்பில தப்பின புத்தகம்" என்று அப்பா பகிடியாகச் சொல்வார். சொல்லிவிட்டுச் சிரிக்கமாட்டார்.

அதற்குப் பிறகு அதை ஒரு வரி விடாமல் வாசித்து முடித்தார். பின்னிணைப்பு அட்டவணைகள் உட்பட. அன்றிலிருந்து எந்தப் புத்தகத்தையும் அவர் நடுவில் விட்டதில்லை, எங்களையும் விட அனுமதித்ததில்லை. யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்று தெரியாமல் அந்தப் புத்தகம் பதினாலு வருடம் எங்கள் அலுமாரியில் இருந்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் ஊரே இடம்பெயர்ந்து மழைக்குள் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது அதைத் தூக்கிவர முடியவில்லை. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வீட்டில் கதவு நிலையே இல்லை. பிறகு புத்தகத்தை யார் தேடுவது?

அதற்கு முந்திய ஐந்து வருடத்தை என் வயது ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் தங்கம். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் கொஞ்சம் எண்ணெயும் விட்டு ஒரு நூல்திரியை எரியவிடுவோம். அந்த வெளிச்சத்தில் முதலில் பள்ளிக்கூடப் பாடம். எண்ணெய் மிஞ்சினால்தான் கதைப்புத்தகம். பத்திரிகையே கோடு போட்ட கொப்பித்தாளில் அச்சாகி வந்த காலம். ஒரு நாவல் ஊருக்குள் வந்தால் வீட்டுக்கு மூன்று நாள் என்று சுற்றும். எங்கள் முறை வரும்போது முன்னட்டையும் இராது, கடைசிப் பத்துப் பக்கமும் இராது. அப்படி வாசித்த ஒரு கதையில் அந்தப் பெண் கடைசியில் யாரைக் கட்டினாள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சீனி சுற்றிவந்த சரையைப் பிரித்து அதிலிருந்த பாதிச் செய்தியையும் வாசிப்போம். அலுப்பு என்ற சொல்லைப் புத்தகத்தோடு சேர்த்துச் சொல்ல எங்களுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. முடிக்க ஆசைப்பட்டும் முடியாமல் போன புத்தகங்களோடு வளர்ந்தவளுக்கு, கையில் முழுதாக இருக்கும் ஒன்றை வேண்டாம் என்று மூடுவது கொழுப்பு மாதிரித்தான் படும்.

சரி. ஆனால் அது அந்தக் காலத்தின் பசி. இன்றைக்கு என் அலுமாரியில் வாசிக்காத புத்தகம் மட்டும் இரண்டு தட்டு. கைபேசியில் ஈழத்து எழுத்துக்களைச் சேர்த்து வைத்திருக்கும் 'நூலகம்' இணையத்தளத்தைத் திறந்தால் அந்த நாள் சஞ்சிகைகள், மலர்கள், பிரசுரங்கள் எல்லாம் வந்து நிற்கின்றன. இல்லாமல் இருப்பது நேரம் ஒன்றுதான். வேலையும் சமையலும் மகளின் ரியூசனும் போக எனக்கு மிஞ்சுவது இரவில் ஒரு முக்கால் மணித்தியாலம். அதில் இருபது பக்கம். எல்லா நாளும் கிடைக்காது, பாதி நாள் என்று வைத்தால் வருடத்துக்கு 3,650 பக்கம். 300 பக்கப் புத்தகமாகப் பார்த்தால் பன்னிரண்டு. இப்போது வயது 48. கண் இன்னும் இருபத்தைந்து வருடம் தாங்கினால் 300 புத்தகம். அவ்வளவுதான். கணக்குப் போட்ட அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

இதில் மோசமானது, அந்த எட்டு மாதத்தில் நான் வேறு எதையுமே தொடவில்லை. "வாசிக்கவேண்டியது ஒன்று கிடக்கிறதே" என்று மற்றதை எடுக்க மனம் விடவில்லை. கிடந்ததை எடுக்கவும் மனம் இல்லை. ஆகவே இரவு முக்கால் மணித்தியாலமும் கைபேசியில் மீன்குழம்பு செய்யும் காணொளி பார்த்தேன். முடித்தே தீருவேன் என்ற என் வைராக்கியம் இப்படி எட்டுப் புத்தகத்தை விழுங்கியிருக்கிறது.

4,500 ரூபா கொடுத்து வாங்கியது என்றும் ஒரு தோழி நினைவூட்டினாள். கொடுத்தது கொடுத்ததுதான், முடித்தாலும் அந்தக் காசு திரும்பி வராது. கறுத்தக்கொழும்பான் மாம்பழம் என்று ஆசையாய் வாங்கி வெட்டினால் உள்ளே வண்டு. காசு கொடுத்த பாவத்துக்காக வண்டோடு தின்கிறோமா?

எங்கள் ஆட்களுக்குப் புத்தகம் சரஸ்வதி. கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றுவோம். நானும்தான். (உண்மையைச் சொன்னால், போன நவராத்திரிக்கு அந்த நாவலையும் பூசையில் அடுக்கி வைத்தபோது எனக்கு வந்த நிம்மதி! சாமிக்கு முன்னால் இருப்பதை எடுத்து வாசிக்கக்கூடாது அல்லவா.) ஆனால் அப்படிக் கும்பிட்ட அதே மரபுதான் புத்தகத்தின் குற்றங்களையும் எண்ணி வைத்திருக்கிறது. நன்னூலில் நூலுக்குப் பத்துக் குற்றம். பள்ளிக்கூடத்தில் எங்கள் தமிழ் ரீச்சர் பாடமாக்க வைத்தவ. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல் என்று போகும். அப்போது புள்ளிக்காகப் பாடமாக்கினேன். இப்போது அந்தச் சூத்திரத்தைச் சொல்லிப் பார்த்தால், என் தலைமாட்டு நாவலை வாசித்துவிட்டுப் பவணந்தி முனிவர் எழுதியதுபோல் இருக்கிறது. மிகைபடக் கூறல் முதல் அத்தியாயத்திலேயே உண்டு. ஒரு வீட்டின் படலையைத் திறக்க ஆறு பக்கம். கூறியது கூறல், ஆம். மற்றொன்று விரித்தல், ஐயோ, கதாநாயகனின் பாட்டனாரின் வழக்கு. எனக்கு மிகவும் பிடித்தது ஒன்பதாவது: சென்று தேய்ந்து இறுதல். நன்றாகத் தொடங்கிப் போகப்போகத் தேய்ந்து செத்துப்போவது. இதைவிடச் சுருக்கமாக யாராலும் ஒரு புத்தக விமர்சனம் எழுத முடியாது. இந்த நன்னூலுக்குக் காண்டிகையுரை எழுதியவர் எங்கள் நல்லூர் ஆறுமுக நாவலர். ஆகவே புத்தகத்தில் குற்றம் காண்பது சாமிக்குற்றம் என்று என்னிடம் வராதீர்கள்.

ஆனால் ஒன்று. நீளத்தையும் அலுப்பையும் போட்டுக் குழப்பக்கூடாது. எங்கள் ஊர்க் கோயிலில் கந்தபுராணம் படிப்பார்கள். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள், ஆறு காண்டம். ஒருவர் பாட்டை இசையோடு வாசிப்பார், மற்றவர் பயன் சொல்வார். நாள்கணக்கு இல்லை, மாதக்கணக்கு. சின்ன வயதில் அம்மம்மாவோடு போய் மடியில் படுத்து நித்திரையாகிவிடுவேன். எழும்பும்போதும் சூரபன்மன் பேசிக்கொண்டுதான் இருப்பான். வள்ளி திருமணம் வரும் நாளில் சர்க்கரைப் பொங்கல். அதை அலுப்பு என்று சொன்ன ஒருவரையும் நான் கண்டதில்லை. பலபேரோடு சேர்ந்து, சிறுகச் சிறுக, விளக்கம் கேட்டுக் கேட்டுப் போவதால் அது நீளமாகவே தெரிவதில்லை. பொன்னியின் செல்வனும் அப்படித்தான். ஐந்து பாகத்தையும் இரண்டு கிழமையில் முடிப்பேன் என்று உட்கார்ந்து மூச்சு முட்டுகிறவர்கள், அது 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாராவாரம் வந்த தொடர்கதை என்பதை நினைக்கவேண்டும். ஒரு அத்தியாயம், பிறகு ஒரு கிழமை ஊர்க்கதை, பிறகு அடுத்த அத்தியாயம். அந்த ஓட்டத்துக்கு எழுதியதை மொத்தமாக விழுங்கினால் தொண்டையில் சிக்கத்தான் செய்யும்.

ஆகவே விடுவதற்கு முன் நான் பார்ப்பது ஒன்றுதான். புத்தகத்தை மூடிவிட்டுத் தேங்காய் துருவும்போது அதிலுள்ள ஒரு ஆளாவது தலைக்குள் நடமாடுகிறாரா? நடமாடினால் அது மெதுவான புத்தகம், பொறுத்துப் போகலாம். ஒருவரும் வரவில்லை, எந்தப் பக்கத்தில் விட்டேன் என்பதுகூட நினைவில்லை என்றால், என் வரையில் அது முடிந்த புத்தகம்.

அமெரிக்காவில் சியாட்டிலைச் சேர்ந்த நான்சி பேர்ள் என்ற நூலகர் இதற்கு ஒரு கணக்கே வைத்திருக்கிறார். ஐம்பது வயதுவரை ஐம்பது பக்கம் வாசித்துப் பார், பிடிக்காவிட்டால் விடு. ஐம்பது தாண்டினால் நூறிலிருந்து உன் வயதைக் கழி, மிஞ்சும் பக்கம் போதும். நூறு வயது ஆனால் அட்டையைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லலாம் என்றும் பகிடியாகச் சொல்லியிருக்கிறார். நல்ல கணக்கு, ஆனால் எங்கள் புத்தகங்களுக்கு இது சரிவராது. வாழ்த்துரை, ஆசியுரை, அணிந்துரை, மதிப்புரை, பதிப்புரை, என்னுரை, நன்றியுரை என்று போய்க் கதை தொடங்கவே நாற்பதாம் பக்கம் ஆகிவிடும்.

நூலகர் என்றதும் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதனையும் சொல்லவேண்டும். 1931இல் அவர் எழுதிய நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நாலாவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அதற்கு முந்திய இரண்டும் ஒன்றுக்கொன்று சோடி: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். அந்த நாவலை விறாந்தைக் கதிரையில் வைத்தபோது எனக்கு நினைவு வந்தது இந்த மூன்றாவது விதி. அது என் புத்தகமில்லை, அவ்வளவுதான். அதற்குரிய ஆள் வேறெங்கோ இருக்கிறார். நான் எட்டு மாதமாக அதை மறித்து வைத்திருந்திருக்கிறேன்.

உள்ளூர் எழுத்தாளர்கள் விஷயம் மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை. வெளியீட்டு விழாவுக்குப் போகிறோம். என்வலப்பில் காசு வைத்துக் கொடுத்துப் பிரதி வாங்குகிறோம். நயவுரை, ஏற்புரை எல்லாம் கேட்டு, வடையும் தேத்தண்ணியும் முடித்து வீட்டுக்கு வந்தால் இருபதாம் பக்கத்தில் நின்றுவிடுகிறது. மறு கிழமை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி தெரிந்துகொண்டு நிமிர்ந்தால் எதிரே அவரே நிற்கிறார். "என்ன தங்கச்சி, புத்தகம் பாத்தியளோ?" கனடாக்காரிக்கு இந்தக் கஷ்டம் விளங்காது. நான் பல வருடம் "ஓம் அண்ணை, நல்லாயிருக்கு" என்று கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன். ஒருமுறை மட்டும் துணிந்து, "முப்பத்திரண்டாம் பக்கம் மட்டும் வாசிச்சனான் அண்ணை, அதுக்குப் பிறகு ஓடேல்லை" என்றேன். மனுஷன் ஒரு நிமிடம் பேசாமல் நின்றார். பிறகு, "அந்த இடம் எனக்கும் எழுதேக்கை ஓடேல்லைத்தான்" என்றார். அன்றைக்கு நாங்கள் கதைத்த கதை, வேறு எந்த எழுத்தாளரோடும் நான் கதைத்ததில்லை. எல்லாரிடமும் இப்படிச் சொல்லலாம் என்று சொல்லமாட்டேன். இரண்டு பேர் என்னோடு இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

மகளுக்குப் பன்னிரண்டு வயது. மூன்று பக்கம் வாசித்துவிட்டு "அம்மா, போரடிக்குது" என்று மூடுவாள், இன்னொன்றை எடுப்பாள். முந்தி அப்பாவின் குரலில் சத்தம் போட்டிருக்கிறேன். இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன். போன விடுமுறையில் ஏழு புத்தகத்தை மூடி எட்டாவதைச் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்திலும் கொண்டுவந்து வைத்தாள். அப்பா இருந்திருந்தால் அந்த ஏழைப் பற்றித்தான் கேட்டிருப்பார்.

சரி, அந்த நாவலின் கதைக்கு வருகிறேன். பக்கத்து வீட்டு அக்கா இளைப்பாறிய ஆசிரியை. விறாந்தையில் கண்டுவிட்டு, "இது ஆருக்கு?" என்றா. "உங்களுக்குத்தான் அக்கா" என்று கொடுத்துவிட்டேன். பதினொரு நாள். நேற்றுப் பின்னேரம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டா. முடித்துவிட்டாவாம். முகத்தைப் பார்த்தால் கண் கலங்கியிருந்த மாதிரியும் இருந்தது.

"பிள்ளை, உம்மட பஸ் ரிக்கற் நூற்றி நாப்பத்தி மூண்டாம் பக்கத்தில கிடந்தது. நூற்றி அம்பதிலதான் கதையே தொடங்குது."

ரிக்கற்றை நீட்டினா. புத்தகத்தையும் நீட்டினா. நான் ரிக்கற்றை மட்டும் வாங்கிக்கொண்டு, கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். தேத்தண்ணி இரண்டு தரம் போட்டோம். பாட்டனாரின் வழக்கு வந்த இடத்தை அவவும் பாராமல் தட்டிக்கொண்டு போனவவாம்.