ஆத்தா என்பது பிழையில்லை

அக்கா மகன் மூன்றாம் வகுப்புப் படிக்கிறான். 'என் குடும்பம்' என்ற தலைப்பில் அவன் எழுதிய பத்து வரிகளில், "எங்கள் ஆத்தா நன்றாகச் சமைப்பார்" என்ற வரியின் 'ஆத்தா' மட்டும் சிவப்பு மையால் அடிக்கப்பட்டு, மேலே 'அம்மா' என்று எழுதப்பட்டிருந்தது. உண்மையிலேயே திருத்த வேண்டிய ஒற்றுப்பிழைகள் இரண்டு அதே பக்கத்தில் அப்படியே இருந்தன. அந்தச் சிவப்புக் கோடு ஒரு வாரமாக மனதை உறுத்துவதால் எழுதுகிறேன்.

எங்களுக்குக் காரைக்குடிப் பக்கம். பெற்றவள் ஆத்தா, தகப்பனார் அப்பச்சி, தாயைப் பெற்றவள் ஆயா, தகப்பனைப் பெற்றவள் அப்பத்தா. தமிழ்நாடு முழுவதும் இப்படித்தான் அழைப்பார்கள் என்றே கல்லூரி சேரும்வரை நினைத்திருந்தேன். கோவையில் விடுதியில் இருந்தபோது, ஒருநாள் விடியற்காலையில் அறை நண்பன் கண் கலங்க, "அப்பிச்சி தவறிட்டாருடா" என்றான். தகப்பனை இழந்துவிட்டான் என்று பதறி, கோபிசெட்டிபாளையம்வரை பேருந்தில் அவன் கையைப் பிடித்தபடியே போனேன். வாசலில் எங்களை எதிர்கொண்டு அவனை அணைத்துக்கொண்டவரைக் காட்டி, "எங்கப்பா" என்றான். கொங்கு நாட்டில் அப்பிச்சி என்றால் தாயைப் பெற்ற தாத்தா என்பதை அன்றுதான் அறிந்தேன். அங்கே பல வீடுகளில் ஆத்தா என்பவரும் தாயல்லர், தகப்பனைப் பெற்ற பாட்டி.

ஆச்சி என்ற ஒரு சொல் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது பாருங்கள். திருநெல்வேலியில் அவர் பாட்டி; எங்கள் பக்கம் நகரத்தார் வீடுகளில் அக்காள்; யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் பழைய தலைமுறையினர் பெற்ற தாயையே ஆச்சி என்றும், தகப்பனை அப்பு என்றும் அழைத்தார்கள். காயல்பட்டினத்தில் தாய் உம்மா, தந்தை வாப்பா. ராவுத்தர் குடும்பங்களிலோ அத்தா என்றால் தகப்பனார். முதலெழுத்தை நீட்டிவிட்டால் எங்கள் வீட்டில் அது தாயாகிவிடும்.

பெயரோடு வினையும் மாறுகிறது. "ஆத்தா சொல்லுச்சு" என்று நாங்கள் சொல்வதை மரியாதைக் குறைவு என்று வடமாவட்ட நண்பர்கள் கருதுவதுண்டு. அவர்களுக்கு "அம்மா சொன்னாங்க" என்பதே முறை. எங்கள் காதுக்கோ, அந்த 'ங்க' தாயை ஒரு முழம் தள்ளி உட்கார வைப்பதுபோல் இருக்கும்.

இவற்றையெல்லாம் கொச்சை என்று ஒதுக்குபவர்களுக்குத் தொல்காப்பியத்தைத்தான் காட்ட வேண்டும். இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று சொற்களை நான்காக வகுத்து, அந்தந்த நிலத்தார் வழங்கும் சொல்லுக்கு இலக்கணத்துக்குள்ளேயே இடம் கொடுத்த நூல் அது. பழைய சேரநாட்டுப் பகுதிகளில் குட்டநாட்டார் தாயைத் தள்ளை என்பார்கள், குடநாட்டார் தந்தையை அச்சன் என்பார்கள் என்று உரையாசிரியர்கள் திசைச்சொல்லுக்குச் சான்று காட்டினார்களே தவிர, யாரையும் திருத்தப் போகவில்லை. அந்த அச்சன் மலையாளத்தில் இன்றும் தலைநிமிர்ந்து நிற்கிறது. தள்ளையோ தேய்ந்து 'தள்ள' என்றாகி, இப்போது ஒரு பெண்ணை அப்படி அழைத்தால் அவமதிப்பு. ஆனாலும் கட்டைவிரலுக்கு அங்கே பெயர் 'தள்ளவிரல்', குஞ்சுகளோடு மேயும் கோழி 'தள்ளக்கோழி'.

குறுந்தொகையின் 40ஆம் பாட்டில் "யாயும் ஞாயும் யாரா கியரோ" என்று வருகிறது. என் தாய் யாய், உன் தாய் ஞாய், பிறருடைய தாய்தான் தாய். யாருடைய தாய் என்பதற்கேற்பச் சொல்லே மாறிய மொழியில் முதலிரண்டும் பேச்சிலிருந்து போய்விட்டன. அவை போனதற்கு எந்த ஆசிரியரையும் குறை சொல்ல முடியாது. ஆத்தா போனால் சொல்ல முடியும்.

அம்மா என்ற சொல்மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. பொதுச்சொல் ஒன்று வேண்டும், அதைப் பிள்ளைகள் கற்கவும் வேண்டும். ஆனால் அடிக்காமல், பக்கத்தில் எழுதிக் காட்டலாமே? ஆத்தா என்ற சொல்லை வசைக்கு இழுத்தவர்கள் நாம்தான். கொப்புடையம்மன் கோயிலிலும் மாரியம்மன் கோயிலிலும் நின்று "ஆத்தா, காப்பாத்து" என்று கைகூப்புபவர்களும் நாம்தான்.

அக்கா பள்ளிக்குப் போய்க் கேட்கவில்லை. பிள்ளைக்குச் சங்கடம் வந்துவிடும் என்று நோட்டை மூடி வைத்துவிட்டாள். பள்ளி வாசலில் அவன் இப்போது அவளை அம்மா என்றுதான் அழைக்கிறான். தெரு முனை திரும்பி, கூடப் படிக்கும் பிள்ளைகள் யாரும் பின்னால் வரவில்லை என்று பார்த்துக்கொண்ட பிறகே ஆத்தா என்கிறான்.