42 என்று எழுதிய சட்டை

(பாளையங்கோட்டையில் ஒரு தையற்கடை. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பையோடு படியேறுகிறார். தையற்காரர் முருகேசன் எட்டாம் வகுப்பில் அவரிடம் படித்தவர். அவர் முன்னிலையில் கொச்சையாக ஒரு சொல் பேசும் துணிவு இன்றுவரை வந்ததில்லை.)

ஆசிரியர்: முருகேசா, இந்தச் சட்டையின் இரு பக்கத்தையும் பிரித்து ஐந்து அங்குலம் அகலப்படுத்திக் கொடு. இணையத்தில் வாங்கினேன்; என் மார்பைக் கண்டு அஞ்சிச் சுருங்கிவிட்டது போலும்.

முருகேசன்: பிரித்து விடுவதற்கு உள்ளே கால் அங்குலத் துணிதான் இருக்கிறது, ஐயா. இல்லாத துணியைப் பிரித்து விடும் வித்தையை எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. அது இருக்கட்டும், கழுத்தில் விலைச்சீட்டு இன்னும் தொங்குகிறதே, அதை அறுக்காமல் விட்டது யார்?

ஆசிரியர்: என் மனைவி. அவள் எதையும் அறுக்கவும் மாட்டாள், எறியவும் மாட்டாள். சட்டை வந்த உறையில் இப்போது மோர்மிளகாய் இருக்கிறது.

முருகேசன்: மோர்மிளகாயை வேறு டப்பாவுக்கு மாற்றச் சொல்லுங்கள், ஐயா, அம்மா உங்கள் 749 ரூபாயைக் காப்பாற்றியிருக்கிறார்கள். இதில் நான் கத்திரி வைத்தால் எனக்கு 60 ரூபாய் கிடைக்கும், உங்களுக்கு 749 ரூபாய் போய்விடும். இணையத்தில் வாங்கிய சட்டைகளைப் பிடித்துக் கொடுத்துத்தான் நான் கடை வாடகை கட்டுகிறேன் என்றாலும், அந்த வருமானம் உங்களிடமிருந்து வர வேண்டாம்.

(சட்டையை மேசையில் பரப்பி, ஓர் அக்குள் தையலிலிருந்து மறு அக்குள் தையல் வரை டேப்பை வைக்கிறார்.)

முருகேசன்: பத்தொன்பது. முன்னும் பின்னும் சேர்த்து 38. பட்டியில் 42 என்று போட்டிருக்கிறான். மார்பு 42 உள்ளவருக்கு நான் தைத்தால், மூச்சு விடுவதற்கும் சேர்த்து 46 வைத்து வெட்டுவேன். துணி என்னவென்று சொல்லி விற்றார்கள்?

ஆசிரியர்: ‘கைத்தறிப் பருத்தி’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

(முருகேசன் பக்கத் தையலில் தானாகத் தொங்கிக்கொண்டிருந்த ஒரு பிசிறை எடுத்துத் தீக்குச்சி காட்டுகிறார். நூல் சுருண்டு, கரும்புகை விட்டு, நுனியில் கடுகளவு கெட்டி மணியாகத் திரண்டு நிற்கிறது.)

முருகேசன்: பருத்தியாக இருந்தால் காகிதம் எரிந்த வாசனை வந்து, தொட்டவுடன் உதிரும் சாம்பல் மிஞ்சியிருக்கும். இது பாலியெஸ்டர், ஐயா. கைத்தறி இதன் பக்கத்து வீட்டில்கூடக் குடியிருந்ததில்லை.

ஆசிரியர்: நான் வாளாவிருந்தேன் என்று எண்ணாதே. அந்தச் செயலியின் உதவிப் பெட்டியில் எழுவாய், பயனிலை பிறழாமல் நாற்பது வரியில் முறையிட்டேன். ‘உங்கள் சிக்கல் தீர்க்கப்பட்டது’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. செயப்பாட்டு வினையில் எழுதியிருக்கிறாயே, யாரால் தீர்க்கப்பட்டது என்று கேட்டேன். ‘உரையாடல் முடிக்கப்பட்டது’ என்றது. மீண்டும் செயப்பாட்டு வினை!

முருகேசன்: அது இயந்திரம், ஐயா. தேர்வு எழுதாத மாணவனைத் திருத்திப் பயனில்லை. நீங்கள் என்ன காரணம் சொல்லித் திருப்பக் கேட்டீர்கள்?

ஆசிரியர்: நிறம் பிடிக்கவில்லை என்றேன். அணிந்து பார்த்தபோது நான் தபால் பெட்டியைப் போல இருப்பதாக என் மனைவி கூறினாள்.

முருகேசன்: கெடுத்தீர்களே! பிடிக்கவில்லை என்பதற்காகத் திருப்பித் தரும் உரிமை நம் நாட்டுச் சட்டத்தில் பொதுவாக இல்லை. ஏழு நாள், பத்து நாள் என்று அவர்கள் தருவது கடையின் தயவு. இந்தப் பொருளுக்குக் கிடையாது என்றும் சொல்லிவிடலாம்.

ஆசிரியர்: ஜெர்மனியில் இருக்கும் என் மைத்துனர் மகள் ஐந்து உடுப்பு வரவழைத்து நான்கைத் திருப்பி அனுப்புகிறாளே?

முருகேசன்: ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தில் வாங்கியதைக் காரணமே சொல்லாமல் 14 நாளுக்குள் திருப்ப உரிமை உண்டு. நமக்குக் காரணம் வேண்டும். ஆனால், உங்களிடம் காரணம் குவிந்து கிடக்கிறது. 2020 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, பொருள் பழுதாக இருந்தாலும், போலியாக இருந்தாலும், விளம்பரத்தில் காட்டிய தன்மை இல்லாமல் இருந்தாலும், சொன்ன தேதிக்குப் பிந்தி வந்தாலும், அதைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. வெள்ளம், புயல் போன்றவற்றால் பிந்தினால் மட்டும் விலக்கு.

ஆசிரியர்: பேத்தியின் காதுகுத்துக்காக வாங்கியது, சொன்ன தேதி போய், காதுகுத்தும் முடிந்து, புண் ஆறிய பிறகுதான் சட்டை வந்தது. அன்று வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

முருகேசன்: அளவு தவறு, துணி தவறு, நாள் தவறு. மூன்று மதிப்பெண் வினாவுக்கு மூன்று விடையும் கையில் இருக்க, நீங்கள் நிறத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்.

ஆசிரியர்: (குரலைத் தாழ்த்தி) இன்னொன்றும் நடந்தது. அவர்களின் தொலைபேசி எண்ணை இணையத்தில் தேடி அழைத்தேன். ஒருவன் மிகப் பணிவாகப் பேசி, பணம் வருவதற்காக என் யுபிஐ இரகசிய எண்ணை அழுத்தச் சொன்னான்.

முருகேசன்: ஐயோ! பணம் பெறுவதற்கு அந்த எண் தேவையே இல்லை, அனுப்புவதற்குத்தான் தேவை. அழுத்திவிட்டீர்களா?

ஆசிரியர்: இல்லை. ‘பழைய கணக்கு’ என்பதைப் ‘பலைய கணக்கு’ என்றான். ழகரம் வராதவனிடம் எனக்கென்ன பேச்சு என்று வைத்துவிட்டேன்.

முருகேசன்: எட்டாம் வகுப்பில் அந்த ழகரத்துக்காக என்னை வெயிலில் நிறுத்தியதை இன்று மன்னித்துவிட்டேன், ஐயா. இனி, செயலிக்குள் ‘குறைதீர் அலுவலர்’ என்று ஒருவர் பெயர் இருக்கும், அவருக்கே எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததென்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம்.

ஆசிரியர்: அதற்கும் மசியாவிட்டால்?

முருகேசன்: மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவன் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது திருநெல்வேலியிலேயே, வழக்குப் போடலாம் என்று 2019 ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பொருளின் விலை ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயம் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பணத்தைச் செயலியின் பணப்பையில் போடுகிறோம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நீங்கள் சம்மதித்தால் ஒழிய, போன வழியிலேயே அது திரும்பி வர வேண்டும்.

ஆசிரியர்: அடைமொழி தெரியாமல் தேர்வில் தோற்ற நீ, சட்டத்தை எங்கே படித்தாய்?

முருகேசன்: என்மேலேயே நோட்டீஸ் வந்தது, ஐயா. ஓர் அம்மாவின் ரவிக்கையில் ஒரு கை முழங்கையைத் தாண்டிவிட்டது, மற்றது தாண்டவில்லை. அவர்களுக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, அந்த வருத்தத்தில் சட்டத்தைப் படித்தேன்.

(ஆசிரியர் தாள் வாங்கி எழுதத் தொடங்குகிறார்.)

முருகேசன்: ‘கற்றோர் போற்றும் காவலர்க்கு’ என்பதை அடித்துவிடுங்கள். ஆர்டர் எண், தேதி, 42 என்ற பட்டிக்கு மேல் டேப்பை வைத்த படம், விளம்பரப் பக்கத்தின் படம், பணம் போனதற்கான சான்று ஆகியவை போதும்.

ஆசிரியர்: ஓர் உவமை மட்டும் இருக்கட்டுமே?

முருகேசன்: தபால் பெட்டியும் வேண்டாம், ஐயா.

(படங்கள் எடுத்து, புகாரை அனுப்பி, ஆசிரியர் எழுகிறார். வாசலில் நின்று சுவரைப் பார்க்கிறார்.)

ஆசிரியர்: இங்கே ‘தைத்த துணி திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று ஒரு பலகை இருந்ததே. சட்டத்துக்கு அஞ்சிக் கழற்றிவிட்டாயா?

முருகேசன்: நோட்டீஸ் வந்த பிறகும் அது அங்கேதான் தொங்கியது. நீங்கள் ஓய்வுபெற்று இந்தத் தெருவுக்குக் குடிவருவதாகக் கேள்விப்பட்டேன். ‘திரும்ப’ என்பதற்குப் பக்கத்தில் ‘ப்’ இல்லை என்பது அன்றுதான் நினைவுக்கு வந்தது.