பி0401 வந்தால் வால்வு பழுது என்று முடிவுகட்ட வேண்டாம்

"ஸ்கேனரில் பி0401 காட்டினால் ஈஜிஆர் வால்வு பழுது, உடனே மாற்றுங்கோ" என்று ஒரு அண்ணா எழுதியிருக்கிறார். அது பிழை. ஈஜிஆர் என்பது எஞ்சினின் புகையில் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் அமைப்பு. எஞ்சினுக்குள் திரும்பிப் போகும் புகை போதவில்லை என்பதை மட்டும்தான் பி0401 என்ற பழுதுக் கோட் சொல்கிறது. ஏன் போதவில்லை என்பதை நாங்கள்தான் தேட வேண்டும்.

வெக்கியூமில் (வெற்றிட உறிஞ்சலில்) இயங்கும் வால்வு உள்ள பெற்றோல் கார் என்றால் வழி சுலபம். எஞ்சினைச் சூடாக்கி, ஐட்லில் விட்டு, கைப்பம்பால் வால்வுக்கு வெக்கியூம் கொடுங்கள். எஞ்சின் தடுமாறினால் அல்லது நின்றால் வால்வும் புகைப் பாதையும் சரி; ஹோஸ், சொலனாய்ட் (வெக்கியூமைத் திறந்து மூடும் மின் வால்வு), சென்சர், வயர் பக்கம் பாருங்கள். வால்வின் தண்டு அசைந்தும் எஞ்சினில் மாற்றமே இல்லையென்றால் பாதை கரியால் அடைத்திருக்கிறது. பம்பின் முள் நிற்காமல் இறங்கினால்தான் வால்வின் டயபிரம் (உள்ளே இருக்கும் சவ்வு) கிழிந்ததாக எண்ணலாம். (புகைக்குழாயின் பின்னழுத்தத்தையும் சார்ந்து இயங்கும் வகைக்கு இந்தக் கைப்பம்புச் சோதனை அப்படியே பொருந்தாது.) மின்சார வால்வை ஸ்கேனரால் திறந்து பார்க்க வேண்டும்.

என் காரிலும் இதே கோட் வந்தது. கொக்குவிலிலிருந்து திருநெல்வேலிச் சந்தை வரை மட்டும் ஓடுகிற கார். கராஜில் புது வால்வு போட்டார்கள். இரண்டு கிழமையில் கோட் திரும்பி வந்தது. பாதையைக் கழற்றிச் சுரண்டிய பிறகுதான் போனது. காசு வீண்.

அப்புறம், புகைப் பரிசோதனையில் பாஸ் என்பதால் ஈஜிஆர் சரி என்றும் நினைக்க வேண்டாம். இங்கே இலங்கையில் பெற்றோல் வாகனத்தில் அளப்பது காபனோரொட்சைட்டும் ஐதரோகாபனும். ஈஜிஆர் குறைப்பது நைதரசன் ஒட்சைட்டுகளை.