சிவப்புக் கோடும் நீலக் கோடும்

போன ஞாயிற்றுக்கிழமை மும்பை மாட்டுங்காவில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமே ஆன அக்கா மகன் சாப்பிட்டதும் போனை நீட்டினான். "மாமா, இந்தப் பங்கைப் பாருங்க. அஞ்சு வருஷத்துல மூணு மடங்கு. வாங்கலாமா?" திரையில் ஒரே ஒரு பச்சைக் கோடு, ஏறுமுகமாக. "இந்த அஞ்சு வருஷத்துல கம்பெனியோட சம்பாத்தியம் எத்தனை மடங்காச்சு?" என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. அந்தத் திரையிலும் இல்லை.

எனக்கு அப்பாவின் கிராஃப் நோட்டு ஞாபகம் வந்தது. ஃபோர்ட்டில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதியவர் அவர். கையில் பங்கு இருக்கிறதோ இல்லையோ, நாலைந்து கம்பெனிகளுக்கு ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார். வருஷக் கடைசி விலைக்குச் சிவப்புப் பேனா, பங்கு ஒன்றுக்கான ஆபரேட்டிங் ப்ராஃபிட்டுக்கு, அதாவது வியாபாரம் மட்டும் சம்பாதித்த லாபத்துக்கு, நீலப் பேனா. தொடங்கும் வருஷத்தில் இரண்டையும் 100 என்று வைத்துக்கொள்வார். அதனால் இரண்டு கோடும் ஒரே புள்ளியில் கிளம்பும். போனஸோ (இலவசப் பங்கு) ஸ்பிளிட்டோ (ஒரு பங்கைப் பலவாகப் பிரிப்பது) வந்தால் பங்கு எண்ணிக்கை மாறிவிடும், பழைய எண்களையெல்லாம் அழித்துத் திருத்துவார். சில கட்டங்களில் ரப்பர் தேய்த்தே காகிதம் மெலிந்திருக்கும்.

அதில் எனக்குப் பிடித்த பக்கம் ஹிந்துஸ்தான் லீவர், இன்றைய ஹிந்துஸ்தான் யூனிலீவர். 2000 தொடக்கத்தில் அந்தப் பங்கை வாங்கியவருக்குப் பத்து வருஷம் கழித்தும் விலை வாங்கிய இடத்தைத் தாண்டவில்லை. சோப்பும் டூத்பேஸ்ட்டும் எல்லா வீட்டிலும் இருந்தன, கம்பெனியின் பெயரும் கெடவில்லை. ஆனால் 2004-ல் போட்டிக் கம்பெனியான பி அண்ட் ஜி சலவைத்தூள் விலையைத் தடாலடியாகக் குறைத்தது, இவர்களும் குறைத்தாக வேண்டியிருந்தது. 2003-ல் 1,772 கோடியாக இருந்த நிகர லாபம் (வட்டி, வரி எல்லாம் போக மிஞ்சுவது) 2004-ல் 1,197 கோடிக்கு இறங்கியது. நீலக் கோடு படுத்தது, சிவப்பும் கூடவே படுத்தது.

அடுத்த பத்து வருஷம் கதையே வேறு. 2011 மார்ச்சிலிருந்து 2021 மார்ச்சுக்குள் ஆபரேட்டிங் ப்ராஃபிட் சுமார் நான்கு மடங்கானது. விலையோ 300 ரூபாய்க்குள் இருந்து 2,400 ரூபாயைத் தாண்டி, எட்டு மடங்கு. அந்தக் கூடுதல் ஏற்றம் கம்பெனி சம்பாதித்தது இல்லை. அதே ஒரு ரூபாய் லாபத்துக்கு ஜனங்கள் முன்பைவிட இரண்டு மடங்கு கொடுக்கத் தயாரானார்கள், அவ்வளவுதான். 2021 செப்டம்பரில் 2,800-ஐத் தொட்ட விலை, மூன்று வருஷம் கழித்து 2024 செப்டம்பரில் 3,000-ஐ எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி இறங்கியது. கம்பெனி நன்றாகத்தான் ஓடுகிறது. வாங்கியவர் முன்கூட்டியே பல வருஷ லாபத்துக்கும் சேர்த்து விலை கொடுத்துவிட்டார்.

இன்ஃபோசிஸ் இன்னும் பளிச்சென்ற உதாரணம். 2000 மார்ச்சில் அதன் பங்கு, பங்கு ஒன்றுக்கான ஆண்டு லாபத்தைப்போல 200 மடங்குக்கு மேல் விற்றது. அந்த நிதியாண்டில் 882 கோடியாக இருந்த விற்பனை வருமானம் 2005-06-ல் 9,521 கோடி. பத்து மடங்குக்கு மேல்! ஆனாலும் உச்சத்தில் வாங்கியவர் தன் விலையைத் திரும்பப் பார்க்க 2006 வரை காத்திருந்தார். "நல்ல கம்பெனியை எந்த விலைக்கும் வாங்கலாம்" என்று யூடியூபில் சொல்பவர்கள் இந்த ஆறு வருஷத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை. அது எனக்கு நிஜமாகவே கோபம் வரவைக்கிறது. கேட்பவர்கள் முதல் சம்பளம் வாங்கும் பிள்ளைகள்.

சரி, நிகர லாபத்தைப் பார்த்தால் போதாதா, ஏன் ஆபரேட்டிங் ப்ராஃபிட்? வட்டி, வரி, அதர் இன்கம் (வியாபாரத்துக்கு வெளியே வரும் வருமானம்) எல்லாம் கலப்பதற்கு முன், வியாபாரம் மட்டும் என்ன சம்பாதித்தது என்பதை அதுதான் சொல்லும். 2019 செப்டம்பரில் மத்திய அரசு கம்பெனி வரியைக் குறைத்தது. புதிய விகிதத்துக்கு மாறியவர்களுக்குச் சுமார் 35 சதவீதமாக இருந்தது 25 சதவீதம் ஆனது. ஒரு சோப்பு கூடுதலாக விற்காமலே நிகர லாபம் எகிறியது. நான் ஒருமுறை சூடு பட்டதும் இதே வகையில்தான். ஒரு சின்னக் கம்பெனி, லாபம் ஒரே வருஷத்தில் இரட்டிப்பு. ஆசையாக வாங்கினேன். அவர்கள் விற்றது பழைய ஆலை நிலம், சரக்கு அல்ல. ஆண்டறிக்கையின் பின்குறிப்பில் ஒரு வரியாக அது இருந்தது. மறுவருஷம் லாபம் பழைய இடத்துக்கே வந்தது, விலை அதற்கும் கீழே போனது.

வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் இந்தக் கணக்கு இப்படியே பொருந்தாது. அவர்களுக்கு வட்டிதான் வியாபாரமே. சர்க்கரை, இரும்பு மாதிரி ஏறி இறங்கும் தொழில்களில் ஐந்து வருஷம் ஏமாற்றிவிடும். ஒரு முழுச் சுற்றாவது பார்க்க வேண்டும். அப்பா பத்து வருஷத்துக்குக் குறைந்து எந்தப் பக்கத்தையும் பேசமாட்டார்.

அக்கா மகனுக்கு அன்றைக்கே கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு கடையில் கிராஃப் தாள் வாங்கிக் கொடுத்தேன். நேற்று ராத்திரி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தான். ஏழு வருஷம் போட்டிருக்கிறான். விலை மூன்று மடங்கான அந்த ஐந்து வருஷத்தில் நீலக் கோடு ஒன்றரையைத் தாண்டவில்லை. வாங்குவதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அதற்கு முந்தைய ஆண்டறிக்கைகள் எங்கே கிடைக்கும் என்று மட்டும் கேட்டிருந்தான். கம்பெனி இணையதளத்தில் முதலீட்டாளர் பகுதியில் பார் என்று பதில் போட்டிருக்கிறேன்.