அஜைல் என்றால் திட்டமே வேண்டாமா?

பாம்பன் மீன் ஏலக் கணக்குக்குச் செயலி எழுதும் பேச்சில், அஜைல் முறையில் (மென்பொருளைச் சிறு சிறு பகுதியாக எழுதி, அவ்வப்போது திருத்திக்கொண்டே போகும் முறை) திட்டமிடலும் ஆவணமும் கிடையாது என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பலரும் அதைப் பகிர்கிறார்கள்.

அது அப்படி இல்லை தம்பி. 2001-இல் 17 பேர் வெளியிட்ட அஜைல் அறிக்கை, திட்டத்தைப் பின்பற்றுவதைவிட மாற்றத்துக்கு ஈடுகொடுப்பதை மேலாக மதிக்கிறது. அவ்வளவுதான். விசைப்படகு கிளம்புமுன் டீசல், ஐஸ் கணக்குப் போட்டுவிட்டு, கடலில் நீரோட்டம் பார்த்து வலை விடும் இடத்தை மாற்றுகிறோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

நீங்களே பார்க்கலாம். அறிக்கை இணையத்தில் ஒரே பக்கம். திட்டத்துக்கும் ஆவணத்துக்கும் மதிப்பு உண்டு என்று கடைசி வரியே சொல்கிறது. அப்புறம் அஜைல் வழிகளில் ஒன்றான ஸ்க்ரமின் 2020 வழிகாட்டியில் 'ஸ்பிரிண்ட் பிளானிங்' பகுதியைப் படியுங்கள்: ஒரு மாதச் சுழற்சிக்கு (அதுதான் ஸ்பிரிண்ட்) திட்டமிட மட்டும் அதிகபட்சம் 8 மணி நேரம்.