பன்னிரண்டு நிமிடம் மனநலம்

எங்கள் ஊர்ச் சேவைச் சங்கத்தின் சனிக்கிழமைக் கூட்டத்தில் என்ன நடந்தது என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் வாட்ஸ்அப்பில் வீடியோ பார்த்திருப்பீர்கள். மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

"நம் சமூகத்தின் மனநலம் அறிவோம்" என்று பேனர் கட்டிக் கூட்டம் போட்டோம். போட்டோம் என்றுதான் சொல்ல வேண்டும், நானும் சந்தா கட்டுகிற உறுப்பினன்தான். அறிய வேண்டுமென்றால் முதலில் காதைத் திறக்க வேண்டும். நாங்கள் வாயைத்தான் திறந்தோம். இறைவணக்கம், வரவேற்புரை, தலைவர் உரை, முன்னாள் தலைவர் உரை, முன்னாள் தலைவரின் உரையைப் பாராட்டி இந்நாள் தலைவர் மறுபடி ஓர் உரை, பதினோரு பொன்னாடை. வெளிநோயாளிகளைப் பார்த்து முடித்துவிட்டுத் திருச்சியிலிருந்து ஓடி வந்த மனநல மருத்துவருக்குப் பன்னிரண்டு நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன். பேனரில் தலைவர் படம் ஆறடி. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு ஓர் அங்குலம்கூடக் கிடைக்கவில்லை.

அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்கு முன்னால்தான் அந்த நகைச்சுவை. "டாக்டர் வந்திருக்கிறாரே என்று யாரும் பயப்பட வேண்டாம், நம்மில் கீழ்ப்பாக்கம் கேஸ் யாரும் இல்லை." மண்டபமே அதிர்ந்தது. டாக்டர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். வீடியோவில் அதைத் தேடாதீர்கள், கேமரா மைக்கை விட்டு நகரவே இல்லை.

யாரும் இல்லையாம். பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குமேல் ஏதோ ஒரு மனநலச் சிக்கலோடு இருப்பதாகச் சொல்கிறது. அன்று மண்டபத்தில் எண்பது பேர் இருந்திருப்போம். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த எட்டுப் பேரும் சேர்ந்துதான் சிரித்திருக்கிறார்கள்.

"ஜோக்கை ஜோக்காக எடுத்துக்கொள்ளுங்கள் சார்" என்று ஒருவர் உள்பெட்டியில் வந்து அறிவுரை சொல்கிறார். போன வருடம் சர்க்கரை நோய் முகாம் நடத்தினோமே, "நம்மில் கால் எடுத்தவர் யாரும் இல்லை" என்று யாராவது மைக்கில் சொல்லிச் சிரித்தீர்களா? அவ்வளவுதான் என் பதில்.

என் சித்தியைப் பற்றி இங்கே எழுதியதில்லை. இருபத்து நான்கு வயதில் யாரோ கூப்பிடுவதுபோல அவளுக்குக் கேட்க ஆரம்பித்தது. மனநோய் தீரும் என்று நம்பி முதலில் குணசீலம் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். 48 நாள், அம்மாவும் கூடவே தங்கினாள். தீர்த்தத்தை முகத்தில் அடிக்கும்போது சித்தி கண்ணை மூடவே மாட்டாள் என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள். கோயிலைக் குறை சொல்லவில்லை. கேள்வி கேட்காத இடத்தில் உட்கார்ந்து அழ அம்மாவுக்கு 48 நாள் கிடைத்தது, அதுவும் ஒரு வைத்தியம்தான். ஆனால் சித்தியின் குரல்கள் அடங்கியது மாத்திரையால். அந்த மாத்திரைகளைப் பிரித்துப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைப்போம். அட்டையோடு இருந்தால் யாராவது பெயரைப் படித்துவிடுவார்களே. கல்யாண வீடுகளில் "தங்கச்சி வரவில்லையா?" என்று கேட்டால், "வயிற்றுவலி" என்பாள் அம்மா. இருபது வருடமாக ஒரே வயிற்றுவலி.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் வெந்தார்கள். அந்தப் பேப்பரை அம்மா அரிசிப் பானைக்கு அடியில் ஒளித்துவைத்தாள். சித்தி எடுத்துப் படித்துவிட்டாள். "அக்கா, நீ என்னை அங்கே விடவில்லை" என்று மட்டும் சொன்னாள். நன்றி சொன்னாளா, பயந்து சொன்னாளா, எனக்கு இன்றும் தெரியாது.

"நல்லது செய்ய வந்தவர்களைக் குறை சொன்னால் நாளைக்கு யார் வருவார்கள்?" நியாயமான கேள்வி. கண் சிகிச்சை முகாமும் இரத்ததான முகாமும் நாங்கள் செய்கிற நல்ல காரியங்கள், மறுக்கவில்லை. சேவைச் சங்கங்களால் முடியாதது ஒன்றுமில்லை. ரோட்டரிக்காரர்கள் 1985இல் போலியோவை ஒழிக்கக் கிளம்பினார்கள், 2014இல் இந்தியா போலியோ இல்லாத நாடானது. சொட்டு மருந்துக்காக வாசல் வாசலாக நின்று "வீட்டில் குழந்தை இருக்கிறதா?" என்று கேட்டவர்களால் வந்தது அது. கேட்டார்கள் ஐயா, கேட்டார்கள்! அதே ரோட்டரியின் 2023-24 உலகத் தலைவர் கோர்டன் மெக்கினாலி, ஸ்காட்லாந்துக்காரர், தன் சகோதரர் தற்கொலையில் இறந்ததை மறைக்காமல் சொல்லித்தான் மனநலப் பணியைக் கையில் எடுத்தார். உலகத் தலைவர் வீட்டுத் துக்கத்தை மேடையில் சொல்கிறார். எங்கள் ஊர் மேடையில் கீழ்ப்பாக்கம் கேஸ்.

இன்னொரு கேள்வி வரும், தெரியும். "இவ்வளவு ரோஷம் இருந்தால் அங்கேயே எழுந்து கேட்டிருக்கலாமே?"

டாக்டர் பேசி முடித்ததும் கேள்விகளைச் சீட்டில் எழுதித் தரச் சொன்னார்கள். ஏழெட்டுச் சீட்டு வந்தது. "சாப்பாடு ஆறிவிடும்" என்று மைக்கில் சொல்லிவிட்டுச் சீட்டுகளை அப்படியே மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார் ஒருவர். அதில் ஒன்று நான் எழுதியது. அறுபதைத் தாண்டிய பெண், மாத்திரை போட்டால் பகலெல்லாம் தூங்குகிறார், உடம்பு ஊதுகிறது, அளவைக் குறைக்கலாமா என்று. கீழே பெயர் போடவில்லை. மேலே "என் நண்பரின் உறவினர் ஒருவருக்கு" என்று எழுதியிருந்தேன்.

அந்த ஜோக்குக்கு நானும் சிரித்தேன். வீடியோவில் இரண்டாவது வரிசை, நீலச் சட்டை.

நாளை மறுநாள் வியாழக்கிழமை, சித்திக்கு மாத்திரை வாங்கும் நாள். காலை ஆறு பத்து பஸ். அரசு மருத்துவமனையில் சீட்டுப் போட்டு, வரிசையில் நின்று, வாங்கித் திரும்ப மதியம் இரண்டாகிவிடும். சங்கத்திலிருந்து யாராவது வருவதாக இருந்தால் வரலாம். பொன்னாடை வேண்டாம். சித்திக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார ஆள் இருந்தால் நான் வரிசையில் நின்றுகொள்வேன்.